ஞானம்மா கொடுத்த தப்பான பரிசு

ஞானம்மா காலமான செய்தி திங்கட்கிழமைத் தபாலோடு வந்தது. கினிகத்தேனையில் மகள் வீட்டில், தூக்கத்திலேயே போய்விட்டாராம். டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்த நான், போத்தலை மூடி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நம் தேயிலைத் தோட்டத்தில் இருபது வருடம் மருத்துவிச்சியாக இருந்தவர். இதை வாசிக்கும் உங்களில் பலரை இந்த உலகத்தில் முதலில் தூக்கியவர் அவர்தான்.

அவருக்குத் தராசின் மேல் அபார நம்பிக்கை. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் மாதாமாதம் ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்துப் பார்ப்பார். ஒரு வருடம் ஆரோக்கியக் குழந்தைகள் போட்டிக்கு, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ராமையாவின் மகள் லெட்சுமியை அவரே தேர்ந்தெடுத்தார். இரண்டு வயது, சிவந்து உப்பிய கன்னம். தோட்டத்துத் துரையின் மனைவி, துரைசாணி கையால் முதற்பரிசு. "எல்லாம் நம்ம பால்மா செஞ்ச வேலைங்க ஐயா" என்று என்னிடம் பெருமையடித்துக்கொண்டார்.

ஆறு மாதத்தில் அந்தப் பெருமை ஆட்டம் கண்டது. லெட்சுமியின் எடை ஏறியது, உயரம் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. முகம் பூசணிக்காய், கைகால் குச்சி. கன்னத்தில் மெல்லிய முடி வேறு. "நல்லாச் சாப்புடுற புள்ள, விடுங்க" என்றேன், பெரிய வைத்தியனைப்போல.

"வளர்றது வேற, ஊதுறது வேறங்க ஐயா. கொழும்புக்குக் கொண்டுபோயாகணும்" என்றார் ஞானம்மா.

ராமையா மசியவில்லை. "தொரசாணியே தூக்கிக் கொஞ்சுன புள்ளைங்க. பரிசு குடுத்த நீங்களே நோவுன்னு சொன்னா எப்புடிங்க?"

மறுநாள் காலைப் பெரட்டில், வேலை பிரிக்க எல்லாரும் கூடியிருந்தபோது, ஞானம்மா முன்னால் வந்து நின்றார். "பரிசு குடுக்கச் சொன்னது நான்தான். நான் தப்பாப் பாத்துட்டேன். அது சதையில்ல, நோவு. என்னைத் திட்டுங்க, புள்ளைய மட்டும் அனுப்புங்க."

யாரும் திட்டவில்லை. ராமையா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிவந்தார்.

சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சிறு சுரப்பியில் கட்டி என்றார்கள் கொழும்பு டாக்டர்கள். அது அளவுமீறிச் சுரந்ததுதான் பிள்ளையை ஊதவைத்திருக்கிறது. கட்டியை வெட்டி எடுத்தார்கள். மறுபக்கத்துச் சுரப்பி வேலை மறந்து கிடந்ததால் பல மாதம் மாத்திரை, ஒருவேளைகூடத் தப்பக்கூடாது. ஞானம்மா தினமும் லயத்துக்கு நடந்துபோய்த் தன் கண்முன் விழுங்கவைத்தார். லெட்சுமி இளைத்தாள், பிறகு மளமளவென்று வளர்ந்தாள். "பரிசு வாங்குன புள்ள இப்புடி வத்திருச்சே" என்றவர்களிடம், "இப்பத்தான் வயசுக்கேத்த புள்ளையா இருக்கா" என்பார். அவள் இன்று நான்காம் வகுப்பில் படிக்கிறாள்.

போன மாதம் நான் ஒரு தாய்க்கு மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டேன். அவர் குடிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. போத்தலை நைசாக மாற்றியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் அக்கம்பக்கத்தார் கேட்கும்படி, "நான் தப்புப் பண்ணிட்டேங்க" என்றேன். ஞானம்மாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு வாக்கியம்தான். அதைச் சொல்லப் பழக எனக்கு ஏழு வருடம் ஆயிற்று.