பக்கத்தில் காலியான இடம்

அமைச்சராக இருந்த வரை பெங்களூருக்குக் காரில்தான் போவேன். தேர்தலில் தோற்றபின் தங்கவயலிலிருந்து காலை ரயிலில் ஏறினேன். சுரங்க வேலை குறையக் குறைய ஊரே பிழைப்புக்காக ஏறிப்போன ரயில் அது. மூன்று பேர் பெஞ்சில் ஐந்து பேர் நெருக்கியடித்து உட்கார்வார்கள்.

என்னைப் பார்த்ததும் ஒரு பெஞ்சே காலியானது. "நீங்க உக்காருங்கய்யா." எவ்வளவு சொல்லியும் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. ஓட்டுதான் போடவில்லை, மரியாதைக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

பங்காருப்பேட்டையில் ஏறிய ஒருவர், "இன்னா சார், கொஞ்சம் நவுருங்க" என்று, இடமிருந்தும் பழக்கத்தில் என் தோளில் இடித்து உட்கார்ந்தார். டிபன் பாக்ஸை என் மடியில் வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்தார். எனக்கு உயிர் வந்தது.

யாரோ குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார்கள். சடாரென்று எழுந்துவிட்டார்.

"மன்னிச்சிக்கோங்கய்யா. தெரியாம உக்காந்துட்டேன்."

மடியில் வெதுவெதுப்பாக இருந்த டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டார்.