நான் கேட்டு வாங்கிய வாக்ஓவர்

கும்மிடிப்பூண்டிக்கு வெளியே ஒரு புது விளையாட்டரங்கம். தேனியிலிருந்து என் கபடிப் பெண்களை விடிய விடிய வேனில் கூட்டி வந்திருக்கிறேன். எட்டு மணிக்கு முதல் ஆட்டம், உள்ளூர் அணியோடு. எட்டேகாலாகியும் அவர்களைக் காணோம். கால் மணி நேரத்துக்குள் வராத அணி தோற்றதாகக் கணக்கு என்ற விதியைச் சொல்லி நடுவரிடம் வாக்ஓவர் கேட்கிறேன். அவரும் கொடுத்துவிடுகிறார். கையெழுத்துப் போட்டு நிமிர்கிறேன், வாசலில் ஒரு கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. நீலச் சட்டை, சேஃப்டி ஷூவோடு ஏழு பெண்கள் ஓடி வருகிறார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுதான் இருக்கும்.

"நைட் ஷிப்டு சார். அடுத்த ஷிப்டு ரிலீவர் வராம மெஷினை உட்டுட்டு வர முடியல," என்கிறாள் கேப்டன். பேசிக்கொண்டே சட்டைப் பொத்தான்களைக் கழற்றுகிறாள். உள்ளே ஏழாம் நம்பர் ஜெர்சி. ராத்திரி முழுக்க அதைப் போட்டுக்கொண்டுதான் வேலை பார்த்திருக்கிறாள்.

"முடிஞ்சிருச்சும்மா. கையெழுத்துப் போட்டாச்சு."

"இன்னா சார்... அவ்ளோ தூரத்துலேர்ந்து நீங்க வந்துட்டீங்க. இங்கியே இருந்துக்கினு நாங்க லேட்டு."

கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. சிரித்துவிட்டுப் பொத்தான்களை மறுபடி ஒவ்வொன்றாகப் போடுகிறாள்.

விளையாடாமலே ஜெயித்த என் பெண்கள் ஓரமாக நிற்கிறார்கள். ஒருத்திகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.