விபூதி தேய்த்த ரூபாய்

“யாரோடது?” என்று கேட்டுவிட்டுத்தான் அவர் லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தார். அந்த ஒரு நொடியில் எனக்கு உறைத்தது: இந்த ஆள் முதலில் ஆளுக்குத் தரம் போடுகிறார், அப்புறம்தான் காசுக்கு. பெயரே சொல்லாமல் கொடுத்தால் என்ன செய்வார்?

செங்கல்பட்டில் ஒரு நோட்டுப்புத்தகக் கடையின் மாடி. நாணயம் சேர்ப்பவர்கள் மாதம் ஒரு ஞாயிறு அங்கே கூடுவோம். மாமல்லபுரத்தில் நடக்கப்போகும் கண்காட்சிக்கு அன்று காசு தேர்வு. வெள்ளைக்கார ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய்க்கு ஒரே ஓர் இடம். அது எனக்கு வேண்டும். அதற்காக அம்மாவிடம் ஒரு வாரம் சண்டை போட்டுப் பூஜை அலமாரியிலிருந்து ரூபாயை வாங்கி, பொத்தேரி ஹாஸ்டலில் வைத்துக்கொண்டு படித்திருந்தேன். தேய்மானம் முதலில் எங்கே விழும் என்பது மனப்பாடம்: புருவம், கிரீடம், அங்கியில் நிற்கும் குட்டி யானை. என் காசில் யானைக்குத் தும்பிக்கைவரை இருந்தது.

தரம் பார்ப்பவர் படூரில் ஃபிளாட் வைத்திருக்கும் ஐ.டி. மேனேஜர். காசை விளக்கடியில் சாய்த்தார்.

“தேய்ச்சிருக்க. பூரா கோடு. இதை எவர்சில்வர் கடையில கொண்டுபோய் வை.”

“நான் தேய்க்கல சார்.”

“அப்ப அதுவா குளிச்சுதா?”

மாடியே சிரித்தது. அவர் சொன்னது உண்மை என்பதுதான் எரிச்சல். அம்மா வெள்ளிக்கிழமைதோறும் வெள்ளி விளக்கோடு இதையும் விபூதி போட்டுத் தேய்ப்பாள். கண்ணுக்குப் பளபளப்பு, லென்ஸுக்குக் கீறல். அச்சடித்த அன்றைய மினுக்கம் போகாத காசைச் சாய்த்தால் வெளிச்சம் சுற்றி வரும். என் காசில் அது அசையாமல் நின்றது. ‘சுமார்’ என்று எழுதி, காசை விரல்நுனியால் தள்ளிவிட்டார்.

அடுத்த ரூபாய். “யாரோடது?”

“என்னுதுதான்” என்றார் சங்கச் செயலாளர்.

மேனேஜரின் குரல் குழைந்தது. லென்ஸ் கண்ணில் இரண்டு நொடிகூட நிற்கவில்லை. “அடடா, புதுசு மாதிரி! கண்காட்சிக்கு இதான்.”

காசு கைமாறி என்னிடம் வந்தது. என் லென்ஸை வைத்தேன். எழுத்துகளின் இடுக்கில் வெள்ளைத் தூள். கிரீடத்துக்குப் பின்னால் ஊசிமுனையளவு குங்குமம். எங்கள் வீட்டுக் காசிலும் அதே இடத்தில்தான் ஒட்டியிருக்கும்.

“சார், இதுலயும் விபூதி இருக்கு. கோடும் அதே கோடு.”

“எங்க வூட்டுப் பூஜையைக் கிண்டல் பண்றியா?” என்று செயலாளர் எழுந்தார்.

“லென்ஸ் வாங்கி மூணு மாசம் ஆகல, எங்களுக்குப் பாடம் எடுக்க வந்தாச்சு” என்றார் மேனேஜர். “கிளம்பு.”

என் பக்கத்தில் கடப்பாக்கத்து மீனவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கடற்கரையில் அகப்படும் பழங்காசுகளை எடுத்து வருபவர். அவர் மேனேஜர் பக்கம் திரும்பினார். “இன்னா அண்ணாத்த, இன்னாத்துக்கு கத்திகினு கீற? லென்ஸு உன் கையிலதான கீது. பாத்துட்டு சொல்லேன்.”

மேனேஜர் பார்க்கவில்லை. செயலாளர் காசைப் பிடுங்கி, தூள் போவதற்காகக் கைக்குட்டையால் அழுத்தி அழுத்தித் துடைத்தார். இன்னும் நாலு கோடு விழுந்திருக்கும். மற்றவர்கள் தங்கள் காசுகளை எடுத்து வைப்பதில் மும்முரமானார்கள். சேர்ப்பவர்களாம்!

இடம் இப்போதைக்குச் செயலாளருக்கு. இறுதிப் பட்டியல் அடுத்த கூட்டத்தில். என் காசு சுமார்தான், ஒப்புக்கொள்கிறேன். அவருடையதற்கும் அதே வார்த்தையை எழுத வைக்காமல் விடமாட்டேன்.

பிளாஸ்டிக் உறைகள் வாங்கிவிட்டேன். மேலே எண் மட்டும். மூன்று பேர் தனித்தனியாகத் தரம் எழுத வேண்டும். எழுதி மடித்த பிறகே யாருடையது என்று சொல்லப்படும். முதல் ஆள் அந்தக் கடப்பாக்கத்து மீனவர்; “நா வரேன், எய்தித் தரேன்” என்றிருக்கிறார். இரண்டாவது ஆளைப் பிடிக்க வேண்டும். மூன்றாவதாக அந்த மேனேஜரையே உட்கார வைக்கப் பார்க்கிறேன். ஒன்றாம் எண் உறையில் என் ரூபாய் போயாயிற்று. இரண்டாம் எண் உறையை எடுத்துக்கொண்டு நாளைக் காலை செயலாளர் வீட்டு வாசலில் போய் நிற்கப்போகிறேன்.