கணக்கில் சேராத கற்பூரம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷம் தயங்கினேன். எழுதினால் முருகனுக்குக் குறை வைத்ததாகிவிடுமோ என்ற பயம். கடைசியில் அவன் சந்நிதியிலேயே கேட்டுவிட்டு வந்துதான் உட்கார்ந்திருக்கிறேன்.

மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து சண்டை போட்ட அவசரகாலம். பத்தாங் பெர்ஜுந்தை ஊர்ப் பக்கத்திலிருந்து வரும் கிளைப்பாதை மெயின் ரயில்பாதையில் சேரும் இடத்தில் அப்பாவுக்குக் கைகாட்டி இழுக்கிற வேலை. அந்த வருஷம் அவர்கள் ரோட்டில் லோரிகளைச் சுட்டுக்கொண்டிருந்ததால், திருவிழாவுக்கு எங்கள் ரப்பர் தோட்டத்து முருகனை ரயில்வேயின் தள்ளுவண்டியில் வைத்து, தண்டவாளம் வழியாகவே ஸ்டேஷன் கோயிலுக்குக் கொண்டுவர அனுமதி கிடைத்தது. மெயில் ரயில் தாமதமானால் அப்பாவின் வேலை போய்விடும் என்பது நிபந்தனை.

அப்பா சமையலறைத் தரையில் சாக்கட்டியால் கோடு கிழித்து உட்கார்ந்தார். தண்டவாளத்தில் வெடி வைத்திருக்கிறார்களா என்று பார்க்க மெயிலுக்கு முன்னால் ஒரு பைலட் ரயில் போகும். அது போன பிறகு, மெயில் வருவதற்குள், தள்ளுவண்டி கிளையிலிருந்து மெயின் பாதையில் ஏறி, ஸ்டேஷன் பக்கம் ஒதுங்கிவிட வேண்டும். அப்புறம் பாதையைத் திருப்பிக் கைகாட்டியை இறக்க வேண்டும். டிரைவர் அதைத் தூரத்திலேயே பார்த்தால்தான் பிரேக் போடாமல் வருவார்.

"நேரம் பாக்க எங்கண்ணன் இருக்காரு. நீங்க ஏன் தரையக் கெடுக்குறீங்க?" என்றாள் அம்மா.

"ஒங்கண்ணன் நல்ல நேரம் பாப்பாரு. நான் ரயில் இல்லாத நேரம் பாக்குறேன்."

அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, தோட்டத்துப் பூசாரி.

பைலட் போயிற்று. மேளத்தோடு தள்ளுவண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. பாதைகள் சேரும் இடத்தில் மாமா கையைத் தூக்கி வண்டியை நிறுத்திவிட்டார்.

அப்பா கேபின் ஜன்னலில் தலையை நீட்டினார். "மச்சான், தள்ளச் சொல்லுங்க. மெயில் வருது."

"தண்டவாளம் மூணாப் பிரியுது, கண்ணு தெரியலயா மாப்ள? முச்சந்தியில கற்பூரம் காட்டாம சாமி தாண்டாது."

"மெயிலு காத்திருக்காது லா!"

"சாமி மட்டும் காத்திருக்கணுமா?"

சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தேங்காய் தண்டவாளத்தில் பட்டு உடையாமல் உருண்டு கால்வாயில் விழுந்தது. அதை எடுக்க ஒருவர் இறங்கினார். நெருப்புக்குச்சி வேறு நமத்திருந்தது.

அப்பா கைகாட்டியை இறக்கவில்லை. தூரத்தில் ரப்பர் மரங்களுக்கு நடுவே மெயில் நின்று கூவியது. ரயிலுக்குக் காவலாக வந்த சிப்பாய்கள், தாக்குதல் என்று நினைத்துக் குதித்துப் பள்ளத்தில் படுத்தார்கள். துப்பாக்கியோடு பதுங்கிப் பதுங்கி வந்த வெள்ளைக்காரச் சிப்பாய், மேளத்தையும் முருகனையும் பார்த்து அப்படியே நின்றான். மாமா அவன் நெற்றியில் திருநீறு பூசி, "இப்பத் தள்ளுங்கப்பா" என்றார்.

முருகன் மெயிலையே நிறுத்திவிட்டான் என்று தோட்டமே மெய்சிலிர்த்தது. அப்பா பாதையைத் திருப்பி, அப்புறம்தான் கைகாட்டியை இறக்கினார்.

சாயங்காலம் அவரால் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. கை அப்படி நடுங்கியது. அருள் வந்துவிட்டது என்று நினைத்து, நான் ஓடிப்போய்க் காலில் விழுந்து, பரீட்சையில் பாஸாவேனா என்று குறி கேட்டேன்.

"பாஸாவ தாயி. மொதல்ல இந்தக் கோப்பையப் புடி, ஊத்திரும்."

ரயில்வே விசாரணையில் அப்பா, கற்பூரத்தைக் கணக்கில் சேர்க்காதது தன் தப்பு என்றாராம். எச்சரித்து விட்டுவிட்டார்கள். ஆனால் அந்தக் காலத்தில், காட்டு நடுவில், ஒரு ரயில் நிறைய ஜனத்தை நிறுத்திவைத்துக்கொண்டு கைகாட்டிப் பிடியைப் பற்றி நிற்பதென்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

இதைப் படித்தவர்கள் பிறருக்குச் சொன்னால் இப்படியே சொல்லுங்கள். முருகனை எடுத்துவிடாதீர்கள். அப்பாவையும் எடுத்துவிடாதீர்கள்.