கல்யாண முருங்கையில் ஒரு புடலம்பந்தல்

பழங்காநத்தத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் புழக்கடை என்று ஒன்று கிடையாது. எங்கள் பின்சுவரும் அடுத்த வீட்டுப் பின்சுவரும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. இருந்த காலி இடமெல்லாம் வாசலுக்கு முன்னால்தான். அடுக்களைத் தண்ணீர் அங்கேதான் வந்து தேங்கும். வாசலோ பஸ் போகிற ரோட்டைப் பார்த்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் இந்த வாசல்தான் காரணம். உன் புத்திதான் காரணம் என்று அம்மா சொல்வாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கப்பலூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். என் வயதுப் பெண்களெல்லாம் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு தாய்வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைத் தின்றுவிட்டு, ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்று எழுந்து போனார்கள். லெட்டர் வராது. ஒரு தடவை அப்படி ஒரு கூட்டம் போன பிறகு தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர்கள் எச்சில் தட்டைக் கழுவிய தண்ணீர் வாசலில் போய்ச் சேறாக நின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தத் தண்ணீரையாவது உருப்படியாக ஒன்றுக்கு ஊற்றுவோம், சரி என்றோ வேண்டாம் என்றோ எவனும் வந்து சொல்லாத ஒரு வேலையைச் செய்வோம் என்று தோன்றியது. காய்கறித் தோட்டம் போட்டேன்.

டவுனில் பிறந்து வளர்ந்தவள் நான். வெண்டைக்காய் மேலே பார்த்துக் காய்க்குமா கீழே பார்த்துக் காய்க்குமா என்பதுகூடத் தெரியாது. முதலில் உடைந்த செங்கல்லை அடுக்கி ஒரு பாத்தி கட்டினேன். சிமெண்டு இல்லை, களிமண்தான் பூசினேன். அம்மா சோறு வடித்து ஊற்றிய ஒரே நாளில் மண் கரைந்து, செங்கல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டது. மறுபடி கட்டினேன். மறுபடி சாய்ந்தது. தண்ணீர் வெளியேற ஒரு வழி விட வேண்டும் என்பது மூன்றாவது தடவை விழுந்த பிறகுதான் புரிந்தது.

அடுத்தது வேலி. வீட்டில் கம்பி முறிந்த குடைகள் இருந்தன. துணியைக் கிழித்துவிட்டுக் கம்பிகளை மட்டும் தரையில் செருகி, அவரைக்கு ஒரு கூடு செய்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. எதிர்ச்சந்து ஆடு ஒன்று வந்து அந்தக் கூட்டுக்குள் தலையை விட்டு, அவரையை வேரோடு தின்றுவிட்டு, கூட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே தெருவில் போனது. ஆட்டுக்காரி என்னிடம் சண்டைக்கு வந்தாள். அவள் ஆட்டுக்குக் கழுத்தில் கீறலாம். என் அவரையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆடு எட்டாத உயரத்துக்குப் போக வேண்டும் என்றுதான் பந்தலுக்கு வந்தேன். புடலை போட்டால் மேலே ஏறிக்கொள்ளும். பந்தலுக்குக் கால் வேண்டும். மூங்கில் கடைக்காரர் ஆள் வைத்துத்தான் போட்டுத் தருவோம், பொம்பளைப் பிள்ளை கையில் தூக்கிக் கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்த மூங்கிலே வேண்டாம் என்று திரும்பினேன். எங்கள் தொழிற்சாலை வேலியில் கல்யாண முருங்கை வளர்ந்து கிடந்தது. அந்த வாரம்தான் அதைக் கழித்துவிட்டார்கள். ஆள் உயரக் கிளைகள், நேராக, பச்சையாகக் குவிந்து கிடந்தன. கேட்டேன், எடுத்துப் போகச் சொன்னார்கள். நல்லதாக நாலு கிளையைக் கட்டித் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினேன். முள் குத்துகிறது என்று ஆளுக்கு ஆள் திட்டினார்கள். கண்டக்டர் மட்டும் சிரித்துக்கொண்டே, "என்ன தங்கச்சி, வீட்ல விசேஷமா? பந்தக்காலு பஸ்ல போகுது" என்றார். புடலங்காய்க்கு என்றேன். பஸ்ஸே சிரித்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் மணவறைப் பக்கத்தில் கல்யாண முருங்கைக் கிளை ஒன்றை நடுவார்கள். கல்யாணம் முடிந்ததும் அதைப் பிடுங்கி வேறு இடத்தில் ஊன்றித் தண்ணீர் ஊற்றுவார்கள். அது துளிர்த்தால் குடும்பம் தழைக்கும். இது எனக்குத் தெரியாதது இல்லை. எத்தனையோ கல்யாணத்தில் பார்த்ததுதான். ஆனால் என் கண்ணுக்கு அன்று அது மரம், நாலு கால், இலவசம். அவ்வளவுதான்.

அம்மா சோழவந்தானில் தன் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போய்ச் சில வாரம் தங்கியிருந்தாள். அவள் வருவதற்குள் பந்தலை நிறுத்திவிட வேண்டும் என்று வெறி. குழி தோண்டக் கடப்பாரை இல்லை. அடுப்புச் சாம்பல் அள்ளும் கரண்டியால் தோண்டினேன். கை கொப்பளித்தது. நாலு காலையும் நட்டுக் குறுக்குக் கம்பு கட்டினால் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி நின்றது. தேங்காய்நார்க் கயிறு எத்தனை முடிச்சுப் போட்டாலும் நழுவியது. கடைசியில் பழைய சேலையைக் கிழித்துக் கட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் தரைதான் கோணல் என்றேன். மில்லில் நைட் ஷிப்டு முடிந்து வந்த அப்பா வாசலில் நின்று பந்தலை மேலும் கீழும் பார்த்தார். "வர்றவுகளைக் குனிஞ்சு கும்பிடுதே. மரியாதை தெரிஞ்ச பந்தல்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் ஒரு பக்கம் விழுந்தது. தூக்கிக் கட்டினேன். மறுபடி இன்னொரு பக்கம் விழுந்தது. முதல் கோணல் முற்றும் கோணல் என்பது அந்தப் பந்தலுக்கென்றே சொல்லி வைத்தது.

புடலை முளைத்தது. அந்த வருஷம் பங்குனி வெயிலே பல்லைக் காட்டியது. இரண்டு இலை விட்ட கன்று மதியமானால் சுருண்டுவிடும். நிழல் வேண்டும் என்று நினைத்து, தென்னங்கீற்று வாங்கிப் பந்தலுக்கு மேலே வேய்ந்தேன். கன்றுக்கு ஒரு கூடையைக் கவிழ்த்தால் போதும் என்ற புத்தி எனக்கு வரவில்லை. கீற்று வேய்ந்து கீழே வந்து நின்று பார்த்தபோது, வீட்டு முன்னால் ரோட்டைப் பார்த்து அசல் கல்யாணப் பந்தல் நின்றது. வாழைமரமும் மேளமும்தான் பாக்கி.

சோழவந்தானிலிருந்து வெற்றிலைக் கவுளியும் கையுமாகப் பஸ்ஸை விட்டு இறங்கிய அம்மா, வாசலுக்கு வராமல் ரோட்டிலேயே நின்றுவிட்டாள். கல்யாணம் ஆகாத பெண் தன் கையாலேயே பந்தக்கால் நடுவாளா என்று கேட்டாள். அப்படியானால் பிடுங்கிவிடுகிறேன் என்றேன். நட்ட காலைப் பிடுங்கக் கூடாது என்றாள். வைக்கவும் கூடாது, பிடுங்கவும் கூடாது என்றால் நான் என்னதான் செய்வது? அன்றிலிருந்து தெருவில் போகிறவர்களெல்லாம் எப்போது முகூர்த்தம் என்று கேட்க ஆரம்பித்தார்கள். புடலங்காய்க்கு, புடலங்காய்க்கு என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

அந்த நேரத்தில்தான் தரகர் ஒரு ஜாதகம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். போட்டோவும் இருந்தது. எல்லாரும் போட்டோவுக்கு விறைத்துக்கொண்டு நிற்பார்களே, இவர் அப்படி இல்லை. யாரோ பக்கத்தில் வேடிக்கையாக ஏதோ சொல்லியதைக் கேட்டு அப்போதுதான் சிரிப்பை அடக்கிய மாதிரி இருந்தார். வீட்டில் யாரும் இல்லாதபோது அந்தப் போட்டோவை எடுத்துப் பார்ப்பேன். பொய் சொல்வானேன், எனக்குப் பிடித்திருந்தது. இதுவரை வந்தவர்கள் எவரும் வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாதே என்று நான் பயந்தது இல்லை. இவர் விஷயத்தில் பயந்தேன். ஜாதகம் பொருந்தியது. வருகிற வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அம்மா பந்தலைப் பிடித்துக்கொண்டாள். பெண் பார்க்க வருகிறவர்கள் வாசலில் பந்தலைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள், மாப்பிள்ளை கிடைக்கும் முன்னாலேயே பந்தல் போட்டுக் காத்திருக்கிறார்கள் என்று சிரிக்க மாட்டார்களா என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் புடலை கம்பைப் பிடித்து ஏறிப் பூ விட்டிருந்தது. எத்தனை விழுந்து, எத்தனை கட்டி, இப்போதுதான் ஒன்று கைகூடி வருகிறது. முடியாது என்றேன். அவள் அழுதாள், நான் கத்தினேன். கடைசியில் கால் நிற்கட்டும், கீற்றை மட்டும் எடுத்துவிடலாம் என்று சமாதானம் ஆனது. திங்கட்கிழமை நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் நின்று கீற்றை உருவிச் சுருட்டி ரோட்டோரம் போட்டோம். கல்யாணக் களை போய்விட்டது என்று அம்மாவுக்கு நிம்மதி.

வியாழக்கிழமை சாயங்காலம் தரகர் வந்தார். நான் திரைக்குப் பின்னால் நின்றேன். அப்பா உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை. அவர்கள் வரவில்லையாம். மாப்பிள்ளையின் அத்தை திருப்பரங்குன்றத்தில் இருக்கிறாளாம், தினமும் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு இந்த வழியாகப் பஸ்ஸில் போய்வருகிறவளாம். இந்த வாசலில் கீற்றுப் பந்தல் நின்றதை வாரக்கணக்காக ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். இந்த வாரம் பந்தலைப் பிரித்துப் போட்டிருந்ததையும் பார்த்திருக்கிறாள். மேளம் இல்லை, வாழைமரம் இல்லை, பந்தல் மட்டும் பிரித்தாகிவிட்டது. பந்தல் போட்டுக் கல்யாணம் நின்றுபோன வீடு என்று சொல்லிவிட்டாளாம். நின்றுபோனதற்கு என்ன காரணமோ, அது நமக்கு எதற்கு என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்களாம்.

அது புடலங்காய்க்குப் போட்ட பந்தல் என்று நீங்கள் சொல்லவில்லையா என்று அப்பா கேட்டார்.

"சொல்லாம இருப்பேனாண்ணே? படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கல்யாண முருங்கையில கால் நட்டு, கீத்து வேஞ்சு, எவளாச்சும் புடலங்காய் போடுவாளா, பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமான்னு என்னையவே கேக்குறாக. நான் என்னத்தச் சொல்ல?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த அத்தையையும் சொல்ல முடியாது. அவள் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அந்த அத்தை வீட்டுக்குப் போய் ஒரு புடலங்காயைக் கொடுத்துவிட்டு வரலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. ஆனால் காட்டுவதற்கு இன்னும் காயே காய்க்கவில்லை. விரல் நீளத்தில் ஒரே ஒரு பிஞ்சுதான் தொங்கியது.

தரகர் போன பிறகு அப்பா வெளியே போய் ஒரு காலைக் கட்டிப்பிடித்து ஆட்டினார். என் கரண்டிக் குழியில், தினம் ஒரு முடிச்சு அவிழ்ந்து விழுந்துகொண்டிருந்த கால் அது. அசையவில்லை. அடுத்த காலைப் பிடித்தார். அதுவும் அசையவில்லை. அடுக்களைத் தண்ணீரைக் குடித்துக் குடித்து நாலும் வேர் பிடித்துவிட்டிருந்தன. அப்போதுதான் மூவரும் சரியாகப் பார்த்தோம். புடலைக் கொடிக்கு நடுவே நாலு காலிலும் கொத்துக் கொத்தாகப் புது இலை. அப்பா உள்ளே போய் அரிவாளை எடுத்துவந்தார்.

அம்மா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பந்தலைப் பார்த்த நாளிலிருந்து கரித்துக்கொட்டியவள் அவள்தான்.

"வெட்டாதீக. தளுத்த காலை வெட்டக் கூடாது. இந்த வீட்ல அவளுக்குன்னு தளுத்தது அது ஒண்ணுதான்."

அதுவரை நான் நன்றாகத்தான் இருந்தேன். தரகர் சொன்னதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இதைத்தான் தாங்க முடியவில்லை. அம்மா என்னைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அரிவாளைப் பிடுங்கி நாலு காலையும் நானே வெட்டியிருப்பேன். வெட்டவில்லை. ரோட்டில் ஒரு பஸ் நின்று ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். ஜன்னலில் இருந்தவர்கள் எங்கள் மூவரையும் பார்த்தார்கள். இவர்கள் வீட்டுக்குப் போய் என்ன சொல்வார்களோ என்று நினைத்தேன்.

அப்பா அரிவாளை வாசல் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனார். அம்மாவும் போனாள். நான் ரோட்டோரத்தில் ஒரு சின்னக் கல்லைத் தேடி எடுத்தேன். சேலைக் கிழிசல் ஒன்றில் முடிந்து, அந்த ஒற்றைப் பிஞ்சின் நுனியில் கட்டிவிட்டேன். புடலைப் பிஞ்சுக்குக் கல் கட்டாவிட்டால் சுருண்டு வளரும். அதுவாவது கோணலாகிவிடக் கூடாதே.