அக்கா வெட்டிய பேப்பர் ஓரம்

அடுக்களை அலமாரித் தட்டுகளில் பேப்பர் விரிக்க வேண்டுமா, வேண்டாமா என்பதில் எனக்கும் என் நாத்தனாருக்கும், நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே ஒத்துப்போனதில்லை. நான் வேண்டாம் கட்சி. எங்கள் வீடு செம்பாக்கம் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. மழைக்காலத்தில் சுவரைத் தொட்டால் விரல் ஈரமாகும். அந்த ஈரத்தில் பேப்பர் விரிப்பது கரப்பான்பூச்சிக்குப் பாயும் தலையணையும் போட்டுக் கொடுப்பது மாதிரி என்பேன். “பூச்சி வந்தா அடிச்சுக்கலாம். எண்ணெய்க் கறை படிஞ்சா யாரு தேய்க்கிறது, நீயா?” என்பார் அவர். காலையில் ஆறு மணி கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற நான் அத்தோடு பேச்சை விட்டுவிடுவேன்.

அவர் என் கணவரின் மூத்த சகோதரி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பள்ளியில் வெகுகாலம் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டுச் சமையல் முழுவதும் அவர் கையில்தான். மூன்று வருடமாக அவருடைய பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. அது தெரிந்தால் அடுப்பை விட்டு எழுப்பிவிடுவார்கள், அதற்குப் பிறகு தம்பி வீட்டில் தனக்கு என்ன இடம் என்று அவர் பயந்துகொண்டிருந்தார். இது எதுவும் அப்போது எங்களுக்குத் தெரியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அடுத்துச் செய்த காரியத்தை இதைத் தெரிந்துகொண்டு படித்தால்தான் என் லட்சணம் சரியாகப் புரியும்.

அக்கா சும்மா பேப்பர் விரிக்க மாட்டார். தட்டின் விளிம்பிலிருந்து நாலு விரல் கீழே தொங்கவிடுவார். கொஞ்ச வருடமாக அந்தத் தொங்கலைக் கத்தரிக்கோலால் பூவேலை மாதிரி வெட்டுகிறார். ஒரு தட்டுக்கு முக்கோணம், இன்னொன்றுக்கு அரைவட்டம், மூன்றாவதுக்கு வெறும் நேர்க்கோடு. அங்கங்கே ஒன்றிரண்டு சின்ன வெட்டுகளும் இருக்கும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முன்னால் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக வெட்டி விரிப்பார். மாதக் காலண்டர் தாளாக இருந்தால் மேலே இருக்கும் வசனத்தை மட்டும் தனியே கத்தரித்துப் பைபிளுக்குள் வைத்துக்கொள்வார். வேத வசனத்தின் மேல் புளி டப்பாவை வைக்கலாகாது. இழுப்பறைகளுக்கு வேறு வேறு சாமான். கரண்டிகள் இருக்கும் இடத்தில் பழைய டேபிள் ரெக்ஸின், கத்தி இருக்கும் இடத்தில் முரட்டுச் சாக்கு, தீப்பெட்டிக்கு அட்டை. “என்னக்கா இது, அடுக்களைக்குத் தோரணமா?” என்று கேலி செய்வேன். சிரித்துக்கொள்வார்.

எனக்கு மறைமலை நகரில், கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் வேலை. ஆயிரக்கணக்கான போல்ட், வாஷர், சீல் எல்லாம் எங்கள் ரேக்குகளில் இருக்கின்றன. எதைக் கேட்டாலும் அரை நிமிடத்தில் எடுத்துக் கொடுப்போம். ஒரே அளவு பெட்டி, ஒவ்வொன்றின் நெற்றியிலும் லேபிள். ஒழுங்கு என்றால் அதுதான் என்று எனக்குக் கர்வம் உண்டு. வீட்டுக்கு வந்தால் ஹார்லிக்ஸ் பாட்டிலில் கடுகு, பிஸ்கட் டின்னில் ரவை, எதிலும் ஒரு எழுத்து கிடையாது. பார்க்கும்போதெல்லாம் கை பரபரக்கும்.

போன டிசம்பரில் அக்கா சபைப் பெண்களோடு வேனில் மூன்று நாள் ஜெபக் கூடுகைக்குப் போனார். நான் லீவு போட்டேன். பேப்பர் அத்தனையையும் உருவி எடுத்தேன். தட்டுகளைச் சோப்பு போட்டுத் தேய்த்தேன். ஆன்லைனில் வாங்கிய சாம்பல் நிற ரப்பர் விரிப்பை மில்லிமீட்டர் பிசகாமல் வெட்டி எல்லாத் தட்டிலும் எல்லா இழுப்பறையிலும் பதித்தேன். ஒரே அளவில் இருபத்து நான்கு டப்பா. ஒவ்வொன்றிலும் அழகாக அச்சடித்த லேபிள். பாட்டில்களையும் டின்களையும் தெருவில் கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். பழைய பேப்பர்காரர் மட்டும் அந்தப் பேப்பரைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். “இன்னா மேடம், எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கா கீது. இத்த எட்த்துக்கினு போனா கடைக்காரன் என்னிய திட்டுவான்.” சரி என்று அதை ஒரு சாக்கில் திணித்து மாடிப்படிக்குக் கீழே வைத்தேன்.

அக்கா திரும்பி வந்ததும் கையைப் பிடித்து அடுக்களைக்கு அழைத்துப் போனேன். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் கை தட்டின் விளிம்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவியது. பிறகு இரண்டாவது தட்டு, மூன்றாவது தட்டு. எல்லாம் ஒரே வழுவழுப்பு. “எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்மா” என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து சாப்பாடு தாமதமானது. ரசத்தில் ருசி மாறவில்லை, ஆனால் எட்டு மணிக்கு வர வேண்டியது ஒன்பதரைக்கு வந்தது. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகர்ந்து பார்க்கிறார் என்பதைக் கவனித்தேன். தன்னைக் கேட்காமல் மாற்றியதற்கு என்னைக் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். எத்தனை நாளைக்கு இந்த வீம்பு, பார்ப்போம் என்று நானும் விட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால், சாயங்காலம், பாஸ்டரும் அவர் மனைவியும் வீடு சந்திக்க வந்தார்கள். ஜெபம் முடிந்து அக்கா காபி கொண்டுவந்தார். பாஸ்டர் ஒரு வாய் குடித்துவிட்டு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழித்தார். சர்க்கரைக்குப் பதில் உப்பு. மணமில்லாத இரண்டு சாமான்கள், ஒரே அளவு டப்பா, பக்கத்துப் பக்கத்தில். “யானைக்கும் அடி சறுக்கும், விடுங்க டீச்சர்” என்று பாஸ்டரின் மனைவி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. விருந்தாளிகள் முன்னால் மானம் போயிற்றே என்ற கோபம் எனக்கு.

“லேபிள் கண்ணு முன்னாடிதானே இருக்கு? படிச்சுப் பார்க்கக் கூடாதாக்கா?”

அக்கா என் பக்கம் திரும்பினார். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு ஒரு முழம் இடது பக்கம், ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொண்டு, “தப்புதாம்மா. இனிமே பார்த்துச் செய்றேன்” என்றார். அந்த இரண்டு கண்களும் ஃப்ரிட்ஜிடம் மன்னிப்புக் கேட்பதைப் பார்த்தேன். எப்போது நின்றுபோயின என்றே தெரியாமல் நின்றுபோனவை எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. ஆராதனையில் வேதபாடம் வாசிப்பதை அடுத்தவர்களுக்கு விட்டுக் கொடுத்தது, முதுகுவலி என்று தையல் மெஷினை மூடி வைத்தது, கூடவே, எரிச்சல் என்று சொல்லி ராத்திரி விட்டுக்கொள்ளும் கண் சொட்டு மருந்தும்.

அவர்கள் போன பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். மறைக்கவில்லை. கண் அழுத்த நோய். சபையில் நடந்த கண் முகாமில் மூன்று வருடத்துக்கு முன்பே டாக்டர் சொல்லிவிட்டார், போன பார்வை திரும்பாது, மருந்து விட்டால் மிச்சம் கொஞ்ச நாள் தாங்கும் என்று. “இப்ப வெளிச்சம் தெரியும். ஆள் அசையறது தெரியும். அவ்வளவுதான்.” அதைக் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் அழுதுவிட்டார். அழுகை அடங்கியதும், தம்பிகளுக்கே உரிய அவசரத்தோடு, “நாளையிலேர்ந்து நீ அடுப்புப் பக்கமே போகக் கூடாது. சமையலுக்கு ஆள் வெச்சுக்கலாம்” என்றார்.

அக்கா, “அப்ப நான் எங்க உட்காரணும்?” என்று கேட்டார். அன்று தட்டுகளின் விளிம்பைத் தடவிப் போன அவர் விரல்கள் எனக்கு ஞாபகம் வந்தன.

நான் எழுந்து வெளியே போய் அந்தச் சாக்கை இழுத்தேன். வராந்தா விளக்கடியில் பேப்பர்களை ஒவ்வொன்றாக நீவி விரித்தேன். முதன்முறையாக அவற்றைக் கண்ணால் பார்க்காமல் விரலால் பார்த்தேன். முக்கோணங்கள் ஓடிய தட்டு பருப்பு வகை. அதில் ஒரு வெட்டு இருந்த இடத்துக்கு நேர் மேலே எண்ணெய் வட்டம், துவரம்பருப்பு டின் நின்ற தடம். இரண்டு வெட்டு, கடலைப்பருப்பு. அரைவட்டத் தட்டு அடுப்புக்கு மேல் உள்ளது. அங்கே உப்புக்கு ஒரே ஒரு ஆழமான வெட்டு, சர்க்கரைக்கு மூன்று. இரண்டையும் தட்டின் எதிரெதிர் முனைகளில் வைத்திருக்கிறார். தீப்பெட்டி தேடிய கை தவறியும் கத்தியில் படாமலிருக்க, கத்தி இருக்கும் இழுப்பறைக்கு மட்டும் சாக்கு.

சாக்கில் இருந்தது ஒரே ஒரு கிறிஸ்துமஸுக்கு வெட்டிய பேப்பர்தான். ஆனாலும் எனக்குப் புரிந்தது. டாக்டர் சொன்ன அன்று வீட்டுக்கு வந்து அவர் அழுதுகொண்டு படுத்திருக்கவில்லை. கண் இருக்கும்போதே, கண் இல்லாத நாளைக்கு ஒரு அடுக்களையைத் தயார் செய்யத் தொடங்கியிருக்கிறார். எங்கள் இரண்டு பேரின் மூக்குக்கு முன்னால், யாருக்கும் சந்தேகம் வராமல், பூவேலை என்ற பெயரில். என் ஸ்டோர்ஸில் கரண்ட் போனால் ஒரு வாஷரைக்கூட எங்களால் எடுக்க முடியாது. இப்படிப்பட்ட ஒருவரோடு ஒரே கூரைக்குக் கீழ் இருந்துகொண்டு அவருக்கு ஒழுங்கு கற்றுக்கொடுக்கப் போனேனே என்று வெட்கமாக இருந்தது. அந்த எண்ணெய்ப் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு, ஆலயத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கணவரிடம் சண்டை போட்டேன். “மூணு வருஷமா இப்படித்தான் சமைச்சிருக்காங்க. ஒரு நாள் தீஞ்சிருக்கா, ஒரு நாள் பால் பொங்கியிருக்கா? தப்பு நடந்தது நான் லேபிள் ஒட்டினதுக்கு அப்புறம்தான். ஆள் வைக்கணும்னா எனக்கு ஒரு ஆள் வைங்க, நான் எதையும் மாத்தாம பார்த்துக்க.” அவருக்குப் பயம் தீரவில்லை. அவர் பயமும் நியாயம்தான். கேஸ் டியூபை மாற்றினார், கசிந்தால் கத்துகிற ஒரு கருவி வாங்கிப் பொருத்தினார். எண்ணெய்ப் பலகாரம் மட்டும் நான் வீட்டில் இருக்கும்போது என்று ஒப்பந்தம்.

கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ரப்பர் விரிப்பைப் பிய்த்தெடுத்தேன். அக்கா முக்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் பேப்பர் வெட்டினேன். இந்த முறை காலண்டரின் கெட்டியான தாள், ஓரம் சீக்கிரம் நையாது. ஒவ்வொரு தட்டையும் வெட்டி முடித்ததும் அவர் விரலை ஓட்டிப் பார்ப்பார். “உனக்குக் கத்தரி பிடிக்கவே தெரியலம்மா. என் கிளாஸ்ல இருந்திருந்தா ஃபெயில்தான்” என்றார். மூன்று தட்டை மறுபடி வெட்ட வைத்தார். உப்பையும் சர்க்கரையையும் பிரித்துக் கடைசிக்குக் கடைசி வைத்தோம். லேபிள்களை என்ன செய்வது என்று கேட்டேன். “இருக்கட்டும், உனக்கு வேணுமே” என்றார்.

திங்கள்கிழமை காலை நாலரை மணிக்கு எழுந்தேன். முந்தின வாரம் முழுவதும், அவருக்குக் கஷ்டம் வேண்டாம் என்று கேன்டீனில் சாப்பிட்டிருந்தேன். அவரோ அந்த நாட்களில் எழுந்து, குளித்து, கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். அன்று அவர் அறை வாசலில் போய் நின்றுகொண்டு, வழக்கமான என் சிடுசிடுப்போடு, “அக்கா, எனக்கு டிபன்பாக்ஸ் கட்டணும். ஆறு மணிக்கு இரும்புலியூர்ல பஸ். இன்னும் உட்கார்ந்திருந்தா எப்படி?” என்றேன்.

அக்கா புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, “ஒரு அரை மணி நேரம் முன்னாடி சொல்லக் கூடாதா? இப்ப வந்து நின்னா நான் என்ன மாயமா பண்றது?” என்று திட்டியபடியே எழுந்து, சுவரைக்கூடத் தொடாமல், என்னை நகரச் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனார்.