உள்ளே வைத்துப் பூட்டுங்கள்

எங்கள் பகுதிப் பூங்காவின் வாசலில் ஒரு போர்டு இருக்கிறது. காலை ஐந்து முதல் ஒன்பது, மாலை நான்கு முதல் ஏழு. அதற்கு அடியில் இன்னும் மூன்று வரி: படுக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது, மரத்தில் துணி கட்டக் கூடாது. இதை எழுதியவர் பனியன் கம்பெனிப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுத்திருக்க மாட்டார். திருப்பூரில் என்னைப் போல ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்கள் எத்தனையோ பேர். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவோம். நாங்கள் சமைத்து டிபன் கட்டும் நேரத்தில் பூங்கா திறந்திருக்கும். ஓவர்லாக் தையல் மெஷின் முன்னால் குனிந்திருக்கும் நேரத்தில் மறுபடி திறந்திருக்கும். மிச்சம் இருப்பது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கும் சரியாக வெயில் ஏறுகிற நேரம் பார்த்துப் பூட்டிவிடுவார்கள்.

நான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு இங்கே வந்தவள். அன்றிலிருந்து வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுதான். ஒரே ரூம், மேலே சிமெண்ட் சீட்டு. சித்திரை மாதத்து மதியம் அதற்குள் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். ஃபேனைப் போட்டால் அடுப்புக்கு மேல் கை நீட்டின மாதிரி காற்று வரும். எங்களுக்கு வேண்டியது பெரிய சொகுசு ஒன்றும் இல்லை. ஞாயிறு மதியம் நிழலில் காலை நீட்டிப் படுக்க ஓர் இடம். அதைக் கேட்டதற்குத்தான் இவ்வளவும் நடந்தது.

அந்த நிழலும் தானாக வந்ததல்ல. லைன் வீடுகளுக்குப் பின்னால் இருந்த அந்த இடம் மனை பிரித்த வரைபடத்தில் மட்டும் பூங்கா. நேரில் பார்த்தால் முள்ளும், கம்பெனிகள் கொட்டிய துணிக் கட்டிங் வேஸ்டும். ஒரு மழைக்காலத்தில் மாநகராட்சியிலிருந்து வேனில் வந்து புங்கன், வேம்பு என்று கன்றுகளை நட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றியது நாங்கள். முதலில் போர்வெல் தண்ணீரை ஊற்றினோம். சாயப்பட்டறைக்காரர்கள் எந்தக் காலத்திலோ மண்ணுக்குள் இறக்கிய உப்பு அதில் இருந்தது. இலை நுனியெல்லாம் கருகியது. வேறு வழியில்லாமல் குடிக்கப் பிடித்து வைத்த தண்ணீரில் ஆளுக்கு ஒரு சொம்பு ஊற்றத் தொடங்கினோம். அது வீணாகக் கூடாது என்று கம்பெனியிலிருந்து பனியன் வேஸ்ட் கொண்டுவந்து, நனைத்து, கன்றின் காலடியில் சுற்றி வைத்தோம். பருத்தி வேஸ்ட் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நாளானால் மக்கி மண்ணாகிவிடும். நல்ல யோசனைதான். அதற்குள் கம்பெனியில் விளையாட்டு உடுப்பு ஆர்டர் வந்தது. அந்த வேஸ்டும் மெத்து மெத்தென்றுதான் இருந்தது. பளீர் பச்சை வேறு. ஆசையாக அள்ளிக்கொண்டு போய்ச் சுற்றினோம். எல்லாம் பாலியஸ்டர். ஊற்றிய தண்ணீர் நிற்கவே இல்லை, வரிசையாகக் கன்றுகள் காய்ந்தன. நாள் முழுக்கத் துணியில் கை வைத்துப் பிழைக்கிற நாங்கள் துணி பார்க்கத் தெரியாமல் ஏமாந்தோம். அந்த எரிச்சல் எனக்கு வெகுகாலம் இருந்தது.

தப்பித்த கன்றுகள் மரமாகி நிழல் விழுந்த பிறகு மாநகராட்சி திரும்பி வந்தது. சுற்றுச்சுவர், கேட்டு, நடைபாதை, புல்தரை. பாதைக்குத் தோண்டும்போது அந்தப் பச்சைத் துணி கொஞ்சமும் நிறம் போகாமல் வெளியே வந்தது. யாரு இங்க குப்பை கொட்டினது என்று கான்ட்ராக்டர் எங்களைத் திட்டினார். புல்லுக்கு லாரியில் தண்ணீர் வந்தது. எங்கள் தெருக் குழாயில் வாரம் ஒரு தடவை வந்தால் அதிர்ஷ்டம்.

பூங்கா கெட்டது என்று நான் சொல்லவே மாட்டேன். கிளிகள் வந்தன. தெருவில் புழுதி குறைந்தது. வாசலில் இளநீர், சூப், கம்பங்கூழ் என்று தள்ளுவண்டிகள் முளைத்து நாலைந்து குடும்பம் பிழைத்தது. எங்களுக்கு முதலில் வந்த பலன் வாடகை ஏறியதுதான். வீட்டுக்காரரிடம் ஏன் என்று கேட்டேன். "பார்க் பக்கத்துல இருக்குதுங்களே, நல்ல காத்து வருதுங்கல்லோ?" என்றார். காற்றுக்கும் சேர்த்து வாடகை கொடுத்தோம். காற்று மட்டும் பூட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

இப்படியே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்போம். பக்கத்து ரூமில் ஒடிசாவிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். எங்கள் கம்பெனியிலேயே செக்கிங் வேலை. தலைப் பிரசவம், மாசமாக இருந்தாள். அந்தக் கோடையில் ஒரு ஞாயிறு மதியம் ரூமுக்குள் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசி போட்டுவிட்டு, வெயில் நேரத்தில் குளிர்ச்சியான இடத்தில் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைக்கும் ஆபத்து என்றாள். திரும்பி வரும்போது அந்தப் பெண் தான் கற்ற கொங்குத் தமிழில் என்னிடம் கேட்டாள்: "ஊட்டுக்குள்ள முடியலீங்க அக்கா. எங்க போறதுங்க?" கம்பெனி நாளில் செக்கிங் டேபிள் மேல் பெரிய ஃபேன் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்வது? எதிரே சுவருக்கு மேல் நாங்கள் தண்ணீர் ஊற்றிய புங்கமரம் அசைந்துகொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

மறு ஞாயிறு காலையில் பாய், தலையணை, புளிச்சோறு, தண்ணீர்க் குடம் எல்லாவற்றோடும் நாங்கள் எட்டுப் பெண்கள் அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்ப் புங்கமரத்தடியில் உட்கார்ந்தோம். மணி ஒன்பதானதும் வாட்ச்மேன் விசில் ஊதினார். குண்டடம் பக்கத்தில் காடு வைத்து விவசாயம் பார்த்த பெரியவர். நல்ல மனிதர்.

"அம்முணி, பூட்டோணுமுங்க. கெளம்புங்க."

"நாங்க போவ மாட்டோம் அண்ணாச்சி."

"எம் பொழப்புல மண்ணப் போடாதீங்க."

"நீங்க ஏன் பொழப்ப விடுறீய? பூட்டுங்க. உள்ள வச்சே பூட்டுங்க. நாலு மணிக்குத் தொறந்தாப் போதும்."

அவர் மறுபடி விசில் ஊதினார். நடைப்பயிற்சி முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பி வந்தார். சொந்தமாகப் பனியன் யூனிட் வைத்திருப்பவர், பூங்காவில் தினமும் நடக்கிறவர்களுக்குத் தலைவர் போல. பூட்டச் சொல்லி மனுக் கொடுத்ததே அவர்கள்தான்.

"ஏனுங்க, நாள் பூராத் தொறந்து வெச்சாக் குடிகாரங்க வந்துருவாங்கங்க. அதுக்குத்தான் பூட்டறது. இப்படிப் பாய் விரிச்சுப் படுத்தாப் பாக்கவும் நல்லாருக்குதுங்களா?"

"குடிகாரனுக்குப் போட்ட பூட்ட எதுக்கு எங்களுக்குப் போடுறீய? பாக்க நல்லா இல்லன்னா நீங்க பாக்காதீங்க. ஒம்பது மணிக்கு மேல நீங்கதான் ஏசியில இருப்பீயள்ல."

அவர் முகம் சிவந்துவிட்டது. எனக்கு அப்போதும் வருத்தமில்லை, இப்போதும் இல்லை.

வாட்ச்மேன் கடைசியில் பூட்டினார். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே வெயிலிலேயே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்துக்கொரு தரம் கம்பி வழியாக, "அந்தக் கண்ணு நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்பார். அந்தக் கண்ணு அடித்துப் போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தாள். உள்ளே அவளுக்கு வலி கண்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கும் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. காலை நீட்டிப் படுத்தேன். முதுகுத் தண்டு ஒவ்வொரு கணுவாக இறங்கியது. அழுகை வந்தது.

அடுத்த ஞாயிறு லைன் வீடுகள் மொத்தமும் பாயோடு வந்தன. வாட்ச்மேன் மறுபடி பூட்டினார். பூட்டிய கேட்டுக்குப் பின்னால் நாங்கள் உட்கார்ந்து சாப்பிடுவதை யாரோ செல்போனில் படம் எடுத்து அனுப்ப, அது ஊரெல்லாம் சுற்றியது. மதியம் ஜீப்பில் ஒரு மாநகராட்சி அதிகாரி வந்து இறங்கினார். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் கெட்ட கோபம் அவருக்கு.

"ஆளுங்கள உள்ள வெச்சுப் பூட்டியிருக்கற. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யாருய்யா பதில் சொல்றது? யாரு பூட்டச் சொன்னது?"

வாட்ச்மேன் போர்டைக் காட்டினார். "நீங்கதானுங்க சாமி."

"உள்ள ஆளு இருக்கறப்ப எப்படிய்யா பூட்டுவ?"

"அப்ப ஆளு இருந்தாப் பூட்டக் கூடாதுங்களா?"

"கூடாது! அறிவு வேண்டாமா?"

நான் கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "சார், நீங்களே சொல்லிட்டீய. ஞாயித்துக்கெழம நாங்க எப்பவும் இருப்போம்."

அவர் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்த அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தார். திறந்து தொலை என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். உத்தரவு என்று எதுவும் எழுத்தில் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஞாயிறு மதியம் யாரும் பூட்டியதில்லை. நடைப்பயிற்சிக்காரர்கள் இன்னமும் மனுக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாங்களும் எட்டரைக்கு ஷிப்ட் விட்ட பிறகு ஒரு மணி நேரம் திறக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். கொடுக்கிற வரைக்கும் விடப்போவதில்லை.

ஆடியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை கொஞ்சம் தேறியதும் ஒரு ஞாயிறு மதியம் பூங்காவுக்குத் தூக்கி வந்தாள். நான் கம்பெனியிலிருந்து கேட்டு வாங்கிய பனியன் துணியை எடுத்துக்கொண்டு, வாசலுக்குப் பக்கத்திலேயே போர்டுக்கு நேர் எதிரே இருக்கிற புங்கமரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, தாழ்ந்த கிளையில் தொட்டில் கட்டினேன். வாட்ச்மேன் எழுந்து வந்தார். போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். துணியை விரலால் நெருடி, முடிச்சைப் பிடித்து இரண்டு தரம் பலமாக இழுத்தார்.

"பருத்திதானுங்களே அம்முணி?"

"சுத்தப் பருத்தி, அண்ணாச்சி. இந்தத் தடவ பாத்துத்தான் எடுத்தேன்."

"அப்பப் போடுங்க," என்று சொல்லி, பிள்ளையை வாங்கி அவரே தொட்டிலில் போட்டார்.